வியாபாரத்துக்கு வெப்சைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு, நடுத்தரத் தொழில் செய்பவர்களுக்குப் பல வருடங்களாக வெப்சைட் கட்டித் தருகிறேன். முதல் சந்திப்பில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றையும் நேரில் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டு வரி. எங்கே பணமும் நேரமும் அதிகம் வீணாகப் பார்த்திருக்கிறேனோ அங்கே நீளமாக எழுதியிருக்கிறேன்.

சமூக ஊடகத்தில் பக்கம் இருக்கிறது. தனியாக வெப்சைட் தேவையா?

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ வியாபாரம் நடக்கிறது என்றால் அதை விடாதீர்கள். ஆனால் அங்கே நீங்கள் குடியிருப்பது வாடகை வீட்டில். உங்கள் பதிவு யார் கண்ணில் பட வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். கணக்கு முடங்கினால் பேசுவதற்கு ஒரு ஆளைப் பிடிப்பதே பெரும்பாடு. அதோடு, மூன்று மாதம் முன்பு நீங்கள் போட்ட விவரத்தைத் தேடி ஒரு வாடிக்கையாளர் நாற்பது பதிவுகளைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. வெப்சைட்டில் அதே விவரம் ஒரே முகவரியில், எப்போது கேட்டாலும் அங்கேயே இருக்கும்.

தெரிந்தவர்கள் மூலமே கை நிறைய வேலை வருகிறது, புதிதாக எடுக்க நேரமில்லை என்பவருக்கு வெப்சைட் அவசரமில்லை. அப்படி வந்தவர்களிடம் "இப்போதைக்கு டொமைன் பெயரை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரை, மட்டும் பதிந்து வையுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் டிசைனா, எழுத்தா?

எழுத்து. அதற்கும் முன்னால் ஒரு நோட்டு.

போன் எடுக்கும் இடத்தில் அந்த நோட்டை வையுங்கள். இரண்டு வாரம், கூப்பிடுபவர் கேட்கும் முதல் கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். திருத்தாதீர்கள். உதாரணத்துக்கு, தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெப்சைட்டுக்கு என்று அவர் எழுதி வைத்திருப்பது: "எங்கள் வரலாறு", "எங்கள் தொலைநோக்கு", "எங்கள் சாதனைகள்". நோட்டில் விழுந்திருப்பது: "வீட்டுக்கே வருவீங்களா?", "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல, என்னவா இருக்கும்?", "வந்து பாக்குறதுக்கே காசு உண்டா?", "இன்னிக்கே வர முடியுமா?"

இந்த நான்கு கேள்விகளுக்கும் நேரான பதில் சொல்லும் ஒரு பக்கம், நாற்பது பக்க அலங்காரத்தைவிட அதிக வேலை கொண்டுவரும். காரணம் எளியது. வருகிறவர் மனதில் ஒரு கேள்வியோடுதான் வருகிறார். பதில் கிடைத்தால் போனை எடுப்பார். கிடைக்காவிட்டால் தேடல் முடிவில் அடுத்த பெயரைத் தொடுவார்.

நோட்டால் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் பில்லில் "சப்மெர்சிபிள் பம்பு பராமரிப்பு" என்று அச்சாகியிருக்கலாம். தேடுகிறவர் "மோட்டார் ஓடுது தண்ணீர் வரல" என்றுதான் தட்டுகிறார். அவருடைய வார்த்தை உங்கள் பக்கத்தில் இருந்தால் கூகுளும் உங்களைக் கண்டுபிடிக்கும், அவரும் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று உணர்வார்.

எழுத்து தயாராகாமல் டிசைனைத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிசைனர் இடத்தை நிரப்ப ஏதோ பொம்மை வரிகளைப் போட்டு அழகாக ஒரு படம் காட்டுவார். நீங்கள் சரி என்பீர்கள். பிறகு உண்மையான எழுத்து வரும்போது தலைப்பு மூன்று வரிக்கு நீளும், பெட்டிகள் ஏற இறங்க நிற்கும், படத்துக்கு ஒதுக்கிய இடத்தில் போடப் படமே இருக்காது. மறுபடி முதலிலிருந்து. நான் பார்த்த தாமதங்களில் பெரும்பகுதி இதனால் வந்தவைதான்.

முகப்புப் பக்கத்தில் முதலில் என்ன தெரிய வேண்டும்?

மூன்று விஷயம்: என்ன செய்கிறீர்கள், யாருக்குச் செய்கிறீர்கள், அடுத்து அவர் என்ன செய்ய வேண்டும். இவை திரையை உருட்டாமலே தெரிய வேண்டும்.

"தரமே எங்கள் தாரக மந்திரம்" என்ற வரியை எத்தனையோ தளங்களில் பார்த்துவிட்டேன். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் தலைப்பு வரியை எடுத்து, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தொழில்காரரின் பெயருக்குக் கீழே வையுங்கள். அங்கேயும் பொருந்துகிறதா? அப்படியானால் அந்த வரி எதையும் சொல்லவில்லை. மோட்டார்காரருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "வீட்டுத் தண்ணீர் மோட்டார் பழுதா? வீட்டுக்கே வந்து பார்க்கிறோம். காலை பத்து மணிக்குள் கூப்பிட்டால் அன்றைக்கே." கீழே ஒரே ஒரு பட்டன்: "இப்போதே கூப்பிடுங்கள்". இதை வேறு யார் பெயருக்குக் கீழேயும் வைக்க முடியாது. ஆனால் அன்றைக்கே வர உங்களால் முடியும் என்றால் மட்டும் அப்படி எழுதுங்கள்.

ஒவ்வொரு வரியையும் யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். வெப்சைட் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் வெளியிட்ட கண்ணசைவு ஆய்வில், வலைப்பக்கத்தைப் பார்ப்பவர்களின் பார்வை பெரும்பாலும் ஆங்கில எஃப் எழுத்தின் வடிவில் ஓடுவது தெரிந்தது. மேலே ஒரு வரி, சற்றுக் கீழே இன்னொரு வரி, பிறகு இடது ஓரமாகவே இறங்கிவிடுகிறது கண். அதனால் பத்திகளின் முதல் இரண்டு மூன்று சொற்களிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். "எங்கள் நிறுவனம் கடந்த பல ஆண்டுகளாக" என்று ஆரம்பித்தால் அந்த இடம் போச்சு.

மேலே தானாக நகரும் படங்கள் வைக்கலாமா?

வேண்டாம். எது முக்கியம் என்று முடிவு செய்ய முடியாதபோதுதான் ஐந்து படங்களைச் சுழல விடுகிறோம். படிக்க ஆரம்பிக்கும்போது நகர்ந்துவிடும், லோடு ஆகவும் நேரம் எடுக்கும். இருப்பதில் நல்ல படம் ஒன்றை எடுத்து நிறுத்தி வையுங்கள்.

விலையைப் போடலாமா? போட்டியாளர் பார்த்துவிடுவாரே?

போட்டியாளருக்கு உங்கள் விலை தெரிய வேண்டும் என்றால் ஒரு போன் போதும். விலையை மறைப்பதால் விலகிப் போகிறவர் வாடிக்கையாளர்தான். வேலைக்கு வேலை விலை மாறும் என்றால், எங்கிருந்து தொடங்கும், எதைப் பொறுத்துக் கூடும் குறையும் என்று எழுதுங்கள். "பார்க்க வரும் கட்டணம் இவ்வளவு, வேலை கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வோம்" என்ற ஒரு வரி எவ்வளவு தயக்கத்தைப் போக்கும் தெரியுமா? கட்டுப்படியாகாதவர்கள் கூப்பிடுவது குறையும். அதுவும் நல்லதே.

டொமைனை யார் பெயரில் வாங்குவது?

உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

என்னிடம் ஒரு அம்மா வந்தார். எட்டு வருடமாக நடக்கும் தொழில்; பெயர்ப்பலகையில், பைகளில், விசிட்டிங் கார்டில் எல்லாம் வெப்சைட் முகவரி அச்சடித்திருந்தார். தளம் ஒருநாள் திறக்கவில்லை. பார்த்தால் டொமைன் காலாவதி. அதை முதலில் பதிந்தவர் எப்போதோ வேலை செய்துகொடுத்த ஒரு டெவலப்பர், பதிவும் அவர் பெயரிலேயே. புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல்கள் அவருக்குப் போயிருக்கின்றன, அவர் தொழிலையே விட்டுப் போய்விட்டார். பணம் கொடுத்தது அந்த அம்மா. ஆனால் பதிவேட்டின்படி அந்தப் பெயருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கடைசியில் வேறு பெயரில் புதிதாகத் தொடங்கினோம். எட்டு வருடம் தேடல் முடிவுகளில் சேர்த்த இடமெல்லாம் போயிற்று.

ஆகவே பதிவு நிறுவனத்தில் கணக்கை நீங்களே திறங்கள். பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயர் அல்லது நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். கணக்குக்கான மின்னஞ்சல், அந்த டொமைனிலேயே இயங்கும் முகவரியாக இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் எச்சரிக்கை வரும் மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும். தானியங்கிப் புதுப்பிப்பை ஆன் செய்யுங்கள், கார்டு காலாவதியாகும் மாதத்தைக் குறித்து வையுங்கள். டாட் காம் பெயர்களை ஒரே தடவையில் 10 வருடம் வரை பதியலாம். டெவலப்பருக்கு வேண்டிய அனுமதியைத் தனியாகக் கொடுக்க வழி இருக்கிறது, பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். போனில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் இருப்பவர் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்காமல் தட்டினால் அது நல்ல பெயர்.

வேர்ட்பிரஸா, ரெடிமேட் பில்டரா, கையால் எழுதியதா?

யார் பராமரிக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2003-ல் வந்த வேர்ட்பிரஸ், வெப்சைட்டைக் கட்டவும் நிர்வகிக்கவும் உதவும் திறந்த மூல மென்பொருள். ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து (தளத்தை வைத்திருக்கும் சர்வர் சேவை) இன்னொன்றுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகலாம், வேலை தெரிந்தவர்கள் எளிதாகக் கிடைப்பார்கள். ஆனால் அப்டேட் செய்யாமல் விட்டால் பழைய பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்) ஓட்டைகள் வழியாக ஹேக்கர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள். நிரல் எழுதாமலே தளம் கட்ட உதவும், மாதாமாதம் கட்டணம் கட்டும் பில்டர்களில் அந்தத் தலைவலி இல்லை. அங்கே உள்ள சிக்கல், வெளியே வர நினைத்தால் எழுத்தையும் படத்தையும் எடுக்கலாம், டிசைனைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட வேண்டும். ஐந்து பக்கத் தளம், வருடத்துக்கு இரண்டு முறைதான் மாறும் என்றால் கையால் எழுதிய சாதாரணப் பக்கங்களே போதும். அவை வேகமாக இருக்கும், உடைவதற்கும் அதில் ஒன்றுமில்லை.

வேர்ட்பிரஸ் எடுத்தால் பிளகின்களை அளவோடு போடுங்கள். ஒவ்வொன்றும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பொருள்.

மொபைலில் சரியாக வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கம்ப்யூட்டரில் ஜன்னலைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "மொபைலிலும் நன்றாகவே இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். திரைக்கு ஏற்ப வளையும் டிசைன் என்ற கருத்தை வெப் டிசைனர் ஈத்தன் மார்க்காட் 2010-ல் முன்வைத்தார். இன்றைக்குப் பெரும்பாலான தீம்கள் (தயாராகக் கிடைக்கும் டிசைன்கள்) அப்படித்தான் வருகின்றன. வளைவது மட்டும் போதாது. கூகுளும் உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தைப் பார்த்துத்தான் பட்டியலிடுகிறது.

நான் செய்வது இது. விலை குறைந்த, இரண்டு மூன்று வருடம் பழைய ஒரு போனை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, தளத்தை முன்பின் பார்க்காத ஒருவர் கையில் கொடுப்பேன். "இவர்களைக் கூப்பிட வேண்டும், எப்படி என்று பாருங்கள்" என்று மட்டும் சொல்வேன். பிறகு வாயைத் திறக்க மாட்டேன். வெளிச்சம் அதிகமான ஜன்னல் பக்கம் உட்கார்ந்த ஒருவர் அப்படி ஒருமுறை திரையைக் கையால் மறைத்து மறைத்துப் பார்த்தார். நம்பர் வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. கண்டுபிடித்துத் தொட்டார், ஒன்றும் ஆகவில்லை. நம்பர் ஒரு படத்துக்குள் இருந்தது! மனப்பாடம் செய்ய முயன்று, பாதியில் மறந்து, திரும்பி வந்து பார்த்து, கடைசியில் என்னிடம் பேப்பர் கேட்டார். மொத்தத் தளமும் கூப்பிட வைப்பதற்காகக் கட்டியது. அன்றைக்கே நம்பரை எழுத்தாக மாற்றி, தொட்டதும் டயல் ஆகும் லிங்க் போட்டு, நிறத்தையும் கருப்பாக்கினோம்.

பட்டன்கள் விரலுக்கு ஏற்ற அளவில் இருக்கட்டும். ஆப்பிளின் வழிகாட்டுதல் 44 பாயின்ட், ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் சொல்வது 48 டிபி (இரண்டும் திரை அளவுக்கான அலகுகள்). ஃபார்ம் கட்டங்களில் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகிவிடும். அதைச் சுருக்கத் தெரியாமல் திண்டாடுபவர்கள் உண்டு.

தளம் மெதுவாகத் திறக்கிறது. ஹோஸ்டிங்கை மாற்ற வேண்டுமா?

முதலில் படங்களைப் பாருங்கள். போன் கேமராவில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், நான்கைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றி, திரையில் உள்ளங்கையளவு காட்டுகிறோம். 1600 பிக்சலுக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200, 300 கேபிக்குள் வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அப்புறம் தானாக ஓடும் வீடியோ, நான்கு விதமான எழுத்துருக்கள், யாரும் பயன்படுத்தாத சாட் பெட்டி. இவையெல்லாம் போன பின்பும் மெதுவாக இருந்தால் ஹோஸ்டிங்கைச் சந்தேகப்படலாம்.

கூகுள் மூன்று அளவுகள் வைத்திருக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும். லோடு ஆகும்போது பக்கம் குதிப்பதற்கான மதிப்பெண் 0.1-க்கு மேல் போகக் கூடாது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் காட்டிவிடும். நூற்றுக்கு நூறு வாங்க அலைய வேண்டாம்.

தமிழில் தளம் வைக்கும்போது தனியாக எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லா எழுத்தும் யூனிகோடில் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) இருக்கட்டும். போஸ்டர் மாதிரி படமாகப் போட்டால் தேடலில் அந்தச் சொற்கள் வராது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் அதைப் படிக்காது. தமிழுக்கு வரி இடைவெளி சற்று அதிகம் வேண்டும்; மேலே விசிறியும் கீழே கொக்கியும் இருக்கிறதே, நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். எழுத்தளவைப்போல் 1.6, 1.7 மடங்கு நன்றாக இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள்.

அப்புறம் பட்டன். ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்து வரும் என்று போட்ட பெட்டியில் "தொடர்புகொள்ளுங்கள்" என்று எழுதினால் "கொள்ளுங்கள்" கீழே விழுந்துவிடும். "பேசுங்கள்", "கூப்பிடுங்கள்", "விலை கேளுங்கள்" என்று சின்னதாக எழுதலாம், பேச்சுக்கும் நெருக்கம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு, சர்வதேச அணுகல் வழிகாட்டுதலின்படி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1. வெள்ளையில் வெளிர் சாம்பல் இதில் தேறாது. வயதானவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால் இதில் சமரசமே வேண்டாம்.

தொடர்பு ஃபார்மில் என்னென்ன கேட்கலாம்?

பெயர், போன் நம்பர், என்ன வேண்டும். மற்றதைக் கூப்பிட்டுப் பேசும்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூடுதல் கட்டத்திலும் சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். நம்பரை இடைவெளி விட்டோ முன்னால் கூட்டல் குறி போட்டோ எழுதினால் "தவறு" என்று சிவப்பில் காட்டாதீர்கள். இடைவெளியை நீக்கிக்கொள்வது நிரலின் வேலை.

இனி சொல்வதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. ஃபார்ம் நிரப்பியதும் "நன்றி" என்று வருவதால் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஒரு தளத்தில் மூன்று மாதமாக ஒரு விசாரிப்பும் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். ஸ்பேம் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அத்தனையும் அங்கே கிடந்தன. சில பேர் இரண்டாம் முறை, "பதில் இல்லையே" என்று எழுதியிருந்தார்கள். நிரப்பியவரின் முகவரியிலிருந்தே வருவதுபோல் அந்த ஃபார்ம் மின்னஞ்சலை அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் போலி என்று நினைத்து மெயில் சேவை ஒதுக்கிவிட்டது. அனுப்புநர் உங்கள் டொமைனின் முகவரியாக இருக்க வேண்டும், நிரப்பியவர் முகவரி "பதில் அனுப்ப" என்ற இடத்தில் போக வேண்டும், மின்னஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்து வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகள் டொமைனில் சரியாக இருக்க வேண்டும். டெவலப்பரிடம் இந்த மூன்று பெயரையும் சொன்னால் புரிந்துகொள்வார். வந்தவற்றைத் தளத்துக்குள்ளேயும் ஒரு பிரதி சேமிக்கச் சொல்லுங்கள். மாதத்தின் முதல் நாள் நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

கூகுளில் முதலில் வர என்ன செய்ய வேண்டும்?

"ஒரு மாதத்தில் முதலிடம் உறுதி" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அந்த உறுதியை யாராலும் தர முடியாது, கூகுளே அதைச் சொல்கிறது.

செய்ய வேண்டியது அடிப்படை வேலைதான். ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பக்கம், அதற்குத் தெளிவான தலைப்பு, அந்த நோட்டில் இருந்த கேள்விகளுக்கு முழுப் பதில். கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப் (தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியல்) கொடுங்கள். எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது என்று அது இலவசமாகச் சொல்லும்.

புதுத் தளம் வாரக்கணக்கில் தேடலில் வரவே இல்லையா? கட்டும்போது தேடுபொறிகள் பட்டியலிட வேண்டாம் என்று வைத்த குறியை எடுக்க மறந்திருக்கலாம். வேர்ட்பிரஸில் அது அமைப்புகளில் ஒரே ஒரு டிக். நான் சரிபார்க்கும் முதல் இடம் அது.

பூட்டுக் குறி, சான்றிதழ் எல்லாம் விற்பனை இல்லாத தளத்துக்கும் வேண்டுமா?

வேண்டும். 2018 ஜூலையிலிருந்து சான்றிதழ் (போய்வரும் தகவலை மறைகுறியாக்க உதவுவது) இல்லாத தளங்களைக் குரோம் "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு சான்றிதழை இலவசமாகவே தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பட்டனில் கிடைக்கும். இதற்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

பேக்கப்பை ஹோஸ்டிங்கிலேயே வைத்தால் போதாது. சர்வர் போனால் இரண்டும் சேர்ந்து போகும். வேறு இடத்தில் ஒரு பிரதி வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறையாவது அதிலிருந்து தளத்தைத் திரும்ப எழுப்பிப் பாருங்கள்.

பழைய தளத்தை எடுத்துவிட்டுப் புதிது போடுகிறோம். எதில் ஜாக்கிரதை?

பழைய பக்க முகவரிகளில். அவை மாறினால் ஒவ்வொன்றையும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தர வழிமாற்றம்) மூலம் திருப்பி விட வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்புவது சோம்பேறித்தனம். வந்தவர் கேட்டது அங்கே இருக்காது. மாற்றுவதற்கு முன்பே பழைய முகவரிகளைப் பட்டியல் எடுத்து வையுங்கள், பிறகு எடுக்க முடியாமல் போகலாம்.

முழுதாக மாற்றத்தான் வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் என்ற பழைய அசைபடத் தொழில்நுட்பத்தில் கட்டிய தளங்கள் மாதிரி, அடித்தளமே போய்விட்டால் வேறு வழியில்லை. அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. "பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது" என்பது உங்களுக்கு இருக்கும் சலிப்பு. தினமும் பார்ப்பது நீங்கள்தான், வாடிக்கையாளர் இல்லை.

பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கூப்பிடும் பட்டனை எத்தனை பேர் தொட்டார்கள், எத்தனை ஃபார்ம் வந்தது, அதில் எத்தனை வேலையானது என்று எண்ணுங்கள். முதல் இரண்டையும் அனலிட்டிக்ஸ் கருவி சொல்லும். மூன்றாவதற்கு அதே பழைய நோட்டுதான்: புதிதாக வருகிறவரிடம் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பக்கத்திலேயே, வெப்சைட்டைப் பார்த்த பிறகும் அவர்கள் போனில் என்ன கேட்கிறார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வி மூன்றாவது முறை வந்தால், அன்று மாலையே அதற்கான பதிலைத் தளத்தில் சேர்த்துவிடலாம்.